உங்கள் வாசற்சாவி யார் இடுப்பில் தொங்குகிறது?



மகனுக்கு வேலை தேட வேண்டும். வேலைத் தளம் ஒன்றைத் திறக்கிறீர்கள். பெயர், முகவரி, கடவுச்சொல் என்று வரிசையாகக் கட்டங்கள். அதற்குப் பக்கத்தில் பெரிய பொத்தான் ஒன்று: கூகுள் கணக்கைக் கொண்டு நுழையுங்கள். அதற்குக் கீழே நீல நிறத்தில் இன்னொன்று: ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு நுழையுங்கள். ஒரு தட்டு, வேலை முடிந்தது. படிவம் நிரப்ப வேண்டாம், கடவுச்சொல் நினைவில் வைக்க வேண்டாம், ஒரு காசும் கேட்கவில்லை. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இலவசமாகக் கொடுப்பவன் எதற்காகக் கொடுக்கிறான் என்று நாம் கேட்டுப் பழக வேண்டும். நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது.

பழைய ரப்பர் தோட்டங்களில் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. விடியற்காலைப் பிரட்டில் அவருடைய ஆட்கள் எத்தனை பேர் வந்து நின்றார்களோ, அத்தனை தலைக்கும் நாளுக்கு இத்தனை காசு என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. பால் வெட்டியவர் ஒருவர், தலையை எண்ணிக் காசு வாங்கியவர் இன்னொருவர். துரையிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமானாலும் கங்காணி வழியாகத்தான். கங்காணி நல்லவராக இருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால்?

இன்று அந்தப் பொத்தான்தான் கங்காணி!

அதை அழுத்தும்போது நடப்பது இதுதான். வேலைத் தளம் உங்களை நேராக நம்புவதில்லை. "இந்த ஆள் யார்?" என்று கூகுளிடமோ ஃபேஸ்புக்கிடமோ கேட்கிறது. அவர்கள் "ஆமாம், எங்கள் ஆள்தான்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கதவு திறக்கிறது. சீட்டு எழுதிக் கொடுப்பவருக்கு நீங்கள் எந்தக் கதவை, எந்த நேரத்தில் தட்டினீர்கள் என்று ஒவ்வொரு முறையும் தெரிந்துவிடுகிறது. வேலை தேடுகிறீர்களா, கடன் தேடுகிறீர்களா, மகளுக்கு வரன் பார்க்கிறீர்களா எல்லாம் தெரியும். உங்களுக்குக் காட்டப்படும் விளம்பரம் எதைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒரு நாள் காலையில் அந்தக் கணக்கு முடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். கைப்பேசி எண் மாறியிருக்கலாம், யாரோ புகார் கொடுத்திருக்கலாம், ஏதோ ஓர் இயந்திரம் உங்களைச் சந்தேகப்பட்டிருக்கலாம். அந்த ஒரு கணக்கோடு வேலைத் தளம் போச்சு, பிள்ளையின் படிப்புத் தளம் போச்சு, இணையக் கடை வைத்துப் பலகாரம் விற்கும் அக்காவின் வாடிக்கையாளர் பட்டியலும் போச்சு. யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பெட்டாலிங் ஜெயாவில் ஒரு முகப்பிடம் இருக்கிறதா, கிள்ளானில் ஒரு கிளை இருக்கிறதா? வங்கி அநியாயம் செய்தால் பேங்க் நெகாராவுக்கு எழுதலாம். முதலாளி சம்பளம் தராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். இந்தக் கங்காணியின் மேல் எந்த இலாகாவில் போய்ப் புகார் கொடுப்பது?

"இணையம் என்றாலே இப்படித்தான், வேறு வழியில்லை" என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். வேறு வழி இருந்தது. அதைக் கட்டியும் காட்டினார்கள். அந்த வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1999இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'பாஸ்போர்ட்' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டு வந்தது. இணையம் முழுவதற்கும் ஒரே கணக்கு, அதைக் காப்பது நாங்கள் என்றது. பெயரைப் பாருங்கள்! கடப்பிதழ் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. அதை ஒரு கம்பெனி கையில் எடுத்துக்கொண்டது. அதன் பாதுகாப்பைப் பற்றி உண்மைக்கு மாறாகச் சொல்கிறார்கள் என்று அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் குற்றஞ்சாட்ட, 2002 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் சமரசத்துக்கு இறங்கி வந்தது. ஏலத் தளமான ஈபே 2005 தொடக்கத்தில் பாஸ்போர்ட்டைக் கைவிட்டது. ஒரே கம்பெனியிடம் எல்லோருடைய சாவியையும் கொடுக்க அன்றைக்கு உலகம் தயங்கியது.

அதே 2005இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற நிரலாளர் 'ஓப்பன் ஐடி' என்ற திறந்த முறையை வெளியிட்டார். அதன் கருத்து எளிது. உங்கள் அடையாளத்துக்குச் சான்று சொல்பவர் யார் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பெரிய கம்பெனியாகவும் இருக்கலாம், சின்னச் சங்கமாகவும் இருக்கலாம், விவரம் தெரிந்தவர் சொந்தமாகவும் வைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் ஏகபோகம் இல்லை.

அது ஏன் தோற்றது? இணைய முகவரி ஒன்றைத் தட்டச்சு செய்து நுழைவது சாதாரண மக்களுக்குப் புரியவில்லை என்பது ஒரு காரணம். அது உண்மைதான். இன்னொரு காரணத்தை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். பெரிய நிறுவனங்கள் சீட்டு எழுதிக் கொடுக்க முன்வந்தன. மற்றவர் எழுதிய சீட்டை ஏற்றுக்கொள்ளப் பெரும்பாலும் முன்வரவில்லை! எங்கள் சீட்டை ஊரே ஏற்க வேண்டும், ஊரார் சீட்டை நாங்கள் பார்க்க மாட்டோம். 2008இல் ஃபேஸ்புக் தன் சொந்தப் பொத்தானைக் கொண்டு வந்தது. கூட்டம் அங்கே இருந்தது. தளங்களும் அங்கே சாய்ந்தன. 2014இல் ஓப்பன் ஐடியின் புதிய வடிவம் வந்தது. இன்று நீங்கள் அழுத்தும் கூகுள் பொத்தானுக்குள்ளே ஓடுவது அதுதான். முறை திறந்த முறை, வாசலில் நிற்பது இரண்டு மூன்று கம்பெனி. சட்டத்தில் எல்லாரும் சமம் என்று எழுதிவிட்டு நடைமுறையில் வேறு மாதிரி நடத்துவதை நாம் பார்த்ததில்லையா என்ன?

இதற்கிடையில் நடந்த ஒரு முயற்சிதான் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லா அமைப்பு 2011இல் 'பிரவுசர் ஐடி' என்று ஒன்றை அறிமுகம் செய்தது. பிறகு அதற்கு 'பெர்சோனா' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி இது: நீங்கள் இணையத்தில் எங்கே போனாலும் உங்களோடு வருவது உங்கள் உலாவி. அப்படியானால் உங்களுக்காகப் பேச வேண்டியது அதுதானே? நடுவில் ஏன் இன்னொரு கம்பெனி?

அடையாள அட்டையை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். தேசியப் பதிவிலாகா உங்களுக்கு அட்டை கொடுக்கிறது. தங்கும் விடுதியில் அறை எடுக்கும்போது அதைக் காட்டுகிறீர்கள். முகப்பில் இருப்பவர் அட்டையைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார். நீங்கள் அந்த விடுதியில் தங்கினீர்கள் என்று அந்த நிமிடமே பதிவிலாகாவுக்குத் தெரிவிப்பதில்லை. பெர்சோனாவும் அப்படித்தான். உங்கள் மின்னஞ்சல் முகவரியே உங்கள் அடையாளம். மின்னஞ்சல் கொடுப்பவர் உங்கள் உலாவிக்குக் கொஞ்ச காலம் செல்லும் சான்று ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். எந்தத் தளத்துக்குப் போனாலும் உலாவி அந்தச் சான்றைக் காட்டும். கையெழுத்து சரியா என்று தளம் தானே சரிபார்த்துக்கொள்ளும். நீங்கள் எங்கே போனீர்கள் என்று சான்று கொடுத்தவருக்குத் தெரியாது. தலை எண்ணுவதற்கு வழியே இல்லை. தலைக்காசும் இல்லை!

அதனால்தான் அதைப் பெரியவர்கள் யாரும் தூக்கி விடவில்லை என்பது என் கருத்து. மின்னஞ்சல் நிறுவனங்கள் அந்தச் சான்றைக் கொடுக்க முன்வராததால் மொசில்லாவே தன் கணினிகளை வைத்து எல்லோருக்கும் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மற்ற பெரிய உலாவிகள் அதைத் தமக்குள் சேர்க்கவில்லை. 2014இல் மொசில்லா தன் முழுநேர ஆட்களை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டது. 2016 நவம்பர் 30ஆம் தேதி பெர்சோனாவுக்கு மூடுவிழா. கைதட்டவும் ஆளில்லை, அழவும் ஆளில்லை.

அது செத்த பிறகு என்ன நடந்தது என்றும் கேளுங்கள். 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் ஓர் ஓட்டை வழியாக நுழைவுச் சீட்டுகளைத் திருடிவிட்டார்கள். முதலில் 5 கோடிக் கணக்குகள் என்றார்கள், பிறகு ஏறக்குறைய 3 கோடி என்றார்கள். அந்தச் சீட்டுகளைக் கொண்டு வேறு தளங்களுக்குள் நுழைந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. நல்லது, இருக்கட்டும். ஆனால் ஒரே பெட்டியில் உலகத்துச் சாவியெல்லாம் இருந்தால் திருடனுக்கு ஒரே பூட்டுதான் வேலை என்பது அன்றைக்குத் தெரிந்து போயிற்று.

அதே மாதம் கூகுளின் குரோம் உலாவியில் இன்னொரு வேலை நடந்தது. ஜிமெயிலுக்குள் நுழைந்தால் போதும், உங்களைக் கேட்காமலே உலாவியும் அந்தக் கணக்கோடு இணைந்துகொள்ளும்படி குரோம் 69ஆம் பதிப்பை மாற்றினார்கள். பலர் சத்தம் போட்டார்கள். உலாவி வரலாறு தானாக அனுப்பப்படவில்லை என்று கூகுள் விளக்கம் சொன்னது. அடுத்த பதிப்பில் அதை அணைக்க ஒரு விசையும் வைத்தது. உங்களுக்காகப் பேச வேண்டிய உலாவி, எஜமானைக் கேட்டுக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இணையப் பயன்பாடு அந்த ஓர் உலாவியில்தான் நடக்கிறது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் குரோமை விற்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று அதே நீதிபதி 2025 செப்டம்பரில் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? நம் வீட்டு வாசலுக்கு வாருங்கள்.

நம் அடையாள அட்டையில் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடம், கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இது ஒருவரின் பெயர் மாதிரி, இரகசியம் அல்ல. காவலர் சாவடியில் எழுதிக் கொடுக்கிறோம், அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டிலும் எழுதிப் போடுகிறோம். 2017இல் வெளிவந்த தரவுக் கசிவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் போயிற்று; முகவரியும் அடையாள அட்டை எண்ணும் சேர்ந்தே போயின. நாட்டு மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை! அப்படிப்பட்ட எண்ணை இன்னமும் சாவி மாதிரி நடத்துகிறார்கள். 2024 ஜனவரி 2ஆம் தேதி அரசாங்கம் 'பாடு' தரவுத் தளத்தைத் திறந்தது. ஒருவருடைய அடையாள அட்டை எண்ணும் சில எளிய விவரங்களும் தெரிந்தால் இன்னொருவர் அவர் பெயரில் பதிந்துவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் உடனே சுட்டிக்காட்டினார். பிறகு ஓட்டையை அடைத்தார்கள்.

சிங்கப்பூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2003இல் தொடங்கிய சிங்பாஸில் 2014ஆம் ஆண்டு 1,560 கணக்குகளுக்குள் வேண்டாதவர்கள் புகுந்திருக்கலாம் என்று தெரியவந்தது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுத் தளத்தில் பெயரைத் தேடினால் முழு அடையாள எண்ணும் வந்து நின்றது. அந்த எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்தவர்கள் கதி என்ன?

இப்போது நம் நாட்டில் மைடிஜிட்டல் ஐடி வந்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை மிமோஸ் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அரசாங்கச் சேவைகளுக்கெல்லாம் ஒரே சாவி என்பது திட்டம். ஒரே சாவி என்பதாலேயே நாம் எதிர்க்கவில்லை. வெளிநாட்டு விளம்பரக் கம்பெனியின் பொத்தானைவிட, நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கக்கூடிய அரசாங்கத்தின் சாவி மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கேள்வி கேட்கச் சட்டம் இடம் தர வேண்டாமா? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் அது கட்டுப்படுத்தாது! ரொட்டிக் கடைக்காரர் உங்கள் விவரத்தைக் கசியவிட்டால் சட்டம் பாயும். இலாகா கசியவிட்டால் அந்தச் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இந்த மின்சாவிக்கெல்லாம் அடிப்படை பதிவிலாகாவின் பதிவு. தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டு, பெற்றோர் திருமணத்தையும் பதியாமல் விட்டு, இன்றைக்கும் நீல அட்டைக்கு அலைந்துகொண்டிருக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று கட்சிக்கொரு கணக்குச் சொல்வார்கள், அந்தச் சண்டை இங்கே வேண்டாம். 2025 செப்டம்பர் 30 முதல் பெட்ரோல் உதவிவிலைகூட மைகாட்டை வைத்துத்தான். ஒவ்வொரு முகப்பும் மூடி ஒவ்வொரு கதவும் திரைக்குள் போகும்போது, அட்டை இல்லாதவர் இரண்டு முறை வெளியே தள்ளப்படுகிறார். முன்பாவது முகப்பில் நின்று அழலாம். ஓர் அதிகாரி மனமிரங்கலாம். திரைக்கு முன்னால் அழுது என்ன பயன்?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் நம்மூர்ப் பழக்கம் ஒன்றை நிறுத்த வேண்டும். புதுக் கைப்பேசி வாங்கினால் கடைப் பையனே ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லையும் அவனே வைத்து, "அண்ணே, எல்லாம் ஓகே" என்று கையில் கொடுத்துவிடுகிறான். அப்பாவுக்கு அந்த மின்னஞ்சல் முகவரி என்னவென்றே தெரியாது. பிறகு ஊழியர் சேமநிதி, வங்கி, உதவித்தொகை எல்லாம் அதோடு ஒட்டிக்கொள்கிறது. இன்றைக்கு இரவே வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய கணக்கையும் திறந்து பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். மீட்புக்கான எண்களை ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் அதே பெட்டியில் வையுங்கள். தாளில் எழுதக் கூடாது என்று பயமுறுத்துவார்கள். உங்கள் பீரோவை உடைக்க ஆள் கிள்ளானுக்கு வர வேண்டும். பலவீனமான கடவுச்சொல்லை உடைக்க எங்கிருந்தும் முடியும்.

கூகுள், ஃபேஸ்புக் பொத்தானுக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் கொண்டு பதியும் வழி இருந்தால் அதையே எடுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும். கடவுச்சொற்களை நினைவில் வைப்பது உலாவியின் வேலையாக இருக்கட்டும். அந்த வேலைக்குத்தான் அது இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் போல் இன்னோர் உலாவியையும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதன் வருமானத்திலும் பெரும்பங்கு கூகுள் தரும் தேடல் பணம்தான் என்பது வயிற்றெரிச்சல், இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டு இருப்பது நல்லது.

இப்போது 'பாஸ்கீ' என்று புதிதாக ஒன்றைத் தளங்கள் காட்டுகின்றன. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவு அறிவித்தவை. இதற்கான நெறிமுறை 2019இல் திறந்த தரமாக ஏற்கப்பட்டது. கைரேகையோ கைப்பேசியின் எண்ணோ கொண்டு திறக்கும் சாவி. தளத்துக்கு இரகசியம் எதுவும் போகாது. போலித் தளம் உங்களை ஏமாற்றிப் பிடுங்கவும் முடியாது. வங்கிப் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்தியால் சேமிப்பை இழந்த குடும்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நல்ல பூட்டு. ஆனால் பெரும்பாலும் அந்தச் சாவிக்கொத்து கூகுளின் பெட்டியிலோ ஆப்பிளின் பெட்டியிலோதான் இருக்கிறது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வதற்கான பொது முறையின் வரைவே 2024 அக்டோபரில்தான் வந்தது. அதனால் ஒரே கைப்பேசியை நம்பாதீர்கள், இரண்டு கருவிகளில் வையுங்கள். வீட்டுக்கே ஒரு கைப்பேசி என்றால், அதன் திறப்பு எண் தெரிந்த ஒவ்வொருவரும் உங்கள் சேமநிதியையும் திறக்க முடியும் என்பதை மறக்காதீர்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலயத் திருவிழா அன்னதானத்துக்குப் பெயர் கொடுக்கவும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்குப் பதியவும் கூகுள் கணக்கு கேட்கிறீர்களே, இது நியாயமா? உரிமைக்குக் குரல் கொடுக்கும் இயக்கங்களே உறுப்பினர் பட்டியலை அடுத்தவன் பெட்டியில் வைத்திருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகம் இரண்டு வெள்ளி ஐம்பது காசு.

2025 ஜூன் 1 முதல் நம் தரவுச் சட்டத்தில் ஒரு புது உரிமை சேர்ந்திருக்கிறது. ஒரு நிறுவனத்திடம் உள்ள உங்கள் விவரத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரும்படி நீங்கள் கேட்கலாம். தொழில்நுட்பம் இடம் தந்தால் என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. அந்த வாலை வெட்டச் சொல்வோம். சட்டம் அரசாங்கத்தையும் கட்டட்டும் என்போம். எந்த இலாகாவும் மின்சாவி ஒன்றையே ஒரே வாசலாக வைக்கக் கூடாது, தாளோடு வருபவருக்கு முகப்பில் ஆள் இருக்க வேண்டும் என்போம். அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. அரிசிப் பையோடு வரும்போது பையை வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கிக்கொண்டு இந்த மூன்றையும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள்.